இஞ்சி டிஞ்சரை நிறுத்தச் சொல்லி நாங்கள் கொடுத்த மனு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அந்த அஞ்சாம் வகுப்பும் முழுசாக இல்லை, முக்கால் வருஷம்தான். முன்னால் நடந்தது பின்னாலும் பின்னால் நடந்தது முன்னாலுமாக வந்து நிற்கும், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மாதர் சங்கத்துக்கு மலர் போடுகிறார்களாம். மதுவிலக்குக்காக அலைந்த பழைய ஆட்களில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம் என்று வந்து கேட்டார்கள். மேடையில் பேசச் சொன்னார்கள், அது என்னால் ஆகாது. நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலத்திலும் அப்படித்தான். அதனால்தான் இவ்வளவும் நடந்தது என்று நான் நினைக்கிறேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யார் பேரையும் எழுதவில்லை. அவரவர் பேரன் பேத்திகள் இங்கேயேதான் இருக்கிறார்கள்.

எங்கள் ஊர் அரிமளத்துக்குக் கிழக்கே. நான் கல்யாணமாகி வந்தபோது இது புதுக்கோட்டை சமஸ்தானம். பக்கத்து ஜில்லாவில் சாராயக்கடையை மூடிவிட்டார்கள் என்று சொல்வார்கள், எங்கள் பக்கம் மட்டும் திறந்திருந்தது. அங்கேயிருந்து எல்லை தாண்டி வந்து குடித்துவிட்டுப் போவார்கள். என் வீட்டுக்காரர் அப்போது பஸ்ஸில் கிளீனர். கரி பஸ். பின்னால் அடுப்பு மாதிரி ஒரு பீப்பாய் இருக்கும், அதில் கரியைப் போட்டுக் கையால் சுற்றிச் சுற்றி விடவேண்டும். சுற்றிய கை ராத்திரி சோறு பிசையும்போதும் நடுங்கும். அந்த நடுக்கத்துக்குத்தான் சாராயம் என்று அவர் சொல்வார். நானும் நம்பினேன்.

சமஸ்தானம் போய் சர்க்காரோடு சேர்ந்த வருஷம், நாற்பத்தெட்டு, அந்த வருஷமே என்றுதான் நினைவு, எங்கள் ஊர்க் கடையையும் மூடினார்கள். தண்டோரா போட்டார்கள். கடை இருந்த கொட்டகையில் டீக்கடை வந்தது. குடியை மறக்கவைப்பதற்காக அங்கே பஜனை வைத்தார்கள், சடுகுடு ஆடச் சொன்னார்கள். ஊரில் மதுவிலக்குக் கமிட்டி என்று ஏழெட்டுப் பெரிய மனிதர்களைப் போட்டார்கள். எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் நிஜமாகவே நிறுத்திவிட்டார். காட்டுக்குள் போய்க் காய்ச்சியதைக் குடிக்கிற தைரியம் அவருக்குக் கிடையாது. போலீஸ் என்றால் பயம். சட்டத்துக்குப் பயந்த மனுஷர். இதை எழுதும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது. பயப்படுகிற மனுஷருக்குச் சட்டத்தை ஒழுங்காகப் போட்டிருந்தால் போதும், வேறொன்றும் வேண்டியதில்லை.

நாலைந்து வருஷம் நன்றாக இருந்தோம். அவர் டிரைவர் ஆனார். காக்கிச் சட்டையில் பித்தளை பேட்ஜ் குத்திக்கொண்டு முதல் நாள் போனபோது தெருவே பார்த்தது. புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி வழியாகக் கட்டுமாவடி போகிற பஸ். திரும்பும்போது மீன்கூடைக்காரிகள் ஏறுவார்கள். அவர் சட்டையில் எப்போதும் கருவாட்டு வாசம் இருக்கும். எங்கள் ஊர் முக்குக்கு வந்ததும் ஹாரனை இரண்டு தடவை குட்டையாக, ஒரு தடவை நீட்டமாக அடிப்பார். அது எனக்காக. உலை வை என்று அர்த்தம். மாமியார் கேட்டால், மாடு குறுக்கே வந்தது என்பார்.

ஒருநாள் அந்தச் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் ஒரு சின்ன பாட்டில் இருந்தது. கரும்பழுப்பு நிறக் கண்ணாடி. லேபிள் ஒட்டியிருந்தது. வயிற்று வலி, அஜீரணம், வாயு ஆகியவற்றுக்கு, இத்தனை சொட்டு தண்ணீரில் கலந்து என்று போட்டிருந்தது. இஞ்சி டிஞ்சர். வயிறு சரியில்லையோ என்று கவலைப்பட்டு அன்றைக்கு ரசம் வைத்துக் கொடுத்தேன். மறுநாள் இரண்டு பாட்டில். அதற்கடுத்த வாரம் கொல்லையில் எருக்குழி ஓரத்தில் காலி பாட்டில்கள் கும்பலாகக் கிடந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூடியைத் திறந்து நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். இஞ்சி மேலே, அடியில் பழைய சாராயக்கடை.

கேட்டால் லேபிளைக் காட்டினார். “மருந்து புள்ள. சர்க்காரே விக்கச் சொல்லியிருக்கு. ஒனக்குத்தான் எழுத்துக் கூட்டத் தெரியுமே, படி.”

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த மருந்துக் கடையில்தான் அது கிடைத்தது. கடைக்காரர் நல்ல குடும்பம், நெற்றி நிறைய விபூதி, ஊர் மதுவிலக்குக் கமிட்டியிலும் அவர் ஒரு மெம்பர். அவரைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. சட்டத்தில் சாராயம், கள் என்று இருந்ததே தவிர டிஞ்சர் என்று இல்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் யாருக்கும் எத்தனை பாட்டிலும் கொடுக்கலாம். பகலில், வெயிலில், பஸ் நிற்கிற மூன்று நிமிஷத்தில் இறங்கி வாங்கிக்கொண்டு போனார்கள். போலீஸ்காரர் பக்கத்தில் நின்று பீடி குடித்துக்கொண்டிருப்பார். வாசம் வந்து நிறுத்திக் கேட்டால் பாட்டிலைக் காட்டினால் போதும், வயிற்று வலி.

எங்கள் மாதர் சங்கத்துக்குத் தலைவியாக இருந்த அம்மா ஒரு வாத்தியாருடைய மனைவி. வாத்தியார் இளவயதிலேயே காலமாகிவிட்டார். அந்த அம்மா கதர் கட்டுவார், கத்தரித்தது மாதிரிப் பேசுவார். சங்கத்தில் தையல் சொல்லிக்கொடுப்பார்கள், பால்பவுடர் கரைத்துப் பிள்ளைகளுக்கு ஊற்றுவார்கள். ஒருநாள் நான் தைத்துக்கொண்டே அழுததை அவர் பார்த்துவிட்டார். என்ன ஏது என்று கேட்டார். சொன்னேன். அப்புறம் பார்த்தால் அந்த அறையில் தைத்துக்கொண்டிருந்த பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் வீட்டுக் கொல்லையிலும் அந்தப் பாட்டில் கிடந்தது. ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் மூடி மூடி வைத்திருந்தோம்.

முதலில் கடைக்காரரிடம் போய் நின்றோம். நின்றது அவர்கள், நான் பின்னால் வேப்பமரத்தோடு ஒட்டிக்கொண்டேன். அவர் கோபப்படவே இல்லை. உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார். பிரசவித்த பெண்ணுக்கு வயிறு உப்பினால் நடுச்சாமத்தில் எங்கே போவீர்கள், இந்த மருந்தை நான் வைக்காவிட்டால் அரிமளத்துக்காரன் வைப்பான் என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “நீங்க வேணும்னா சட்டத்தை மாத்தி எழுதிட்டு வாங்கம்மா. அன்னைக்கே எடுத்துக் குப்பையில கொட்டிர்றேன்” என்றார்.

கேலியாகத்தான் சொன்னார். தலைவி அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். சட்டத்தை எங்கே எழுதுகிறார்கள், சென்னையில் சட்டசபையில். அங்கே யார் போகிறார், நாம் ஓட்டுப் போட்ட மெம்பர். அடுத்த எலெக்‌ஷன் வந்துகொண்டிருந்தது. மெம்பர் எங்கள் பக்கம் ஓட்டுக் கேட்க வந்தபோது ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் தட்டை இறக்காமல் கேட்டார்கள், டிஞ்சரைச் சட்டத்தில் சேர்ப்பீர்களா என்று. தட்டில் கற்பூரம் எரிகிறது, கும்பிடாமல் நகரவும் முடியாது. கட்டாயம் சேர்ப்பேன், முதல் வேலை அதுதான் என்று சொல்லிவிட்டுப் பொட்டு வைத்துக்கொண்டு போனார்.

ஜெயித்த பிறகு அவரைப் பார்க்கப் புதுக்கோட்டைக்கு மூன்று தடவை போனோம். முதல் தடவை ஊரில் இல்லை. இரண்டாம் தடவை தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை பார்த்தார். சாராயம் என்றால் சென்னை சர்க்கார், மருந்து என்றால் அதில் டில்லி சர்க்காருக்கும் பங்கு இருக்கிறது, எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்ய முடியாது என்று விளக்கினார். எங்களில் வயசான ஒரு அப்பத்தா கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “அய்யா, எங்க வீட்டு ஆம்பளைக்கு மெட்ராசும் தெரியாது, டில்லியும் தெரியாது. பஸ் ஸ்டாப்பு மட்டுந்தான் தெரியும். அதை அடைச்சுக் குடுங்க.” அவர் சிரித்துவிட்டார். பிறகு, சரி, மனுவாக எழுதிக் கொடுங்கள், நிறையக் கையெழுத்து இருக்க வேண்டும், மந்திரியிடம் நானே சேர்க்கிறேன் என்றார்.

மனு எழுதியது நான். தலைவி அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். அவர் கையெழுத்து கோழி கிண்டியது மாதிரி இருக்கும், என்னுடையது குண்டு குண்டாக இருக்கும், அதனால். மகா கனம் பொருந்திய மந்திரி அவர்கள் சமூகத்துக்கு என்று ஆரம்பித்து இரண்டு பக்கம். அதற்குக் கீழே கட்டம் போட்டேன். வரிசை எண், பெயர், கணவர் பெயர், ஊர், கைநாட்டு. அந்தக் கணவர் பெயர் என்ற கட்டத்தைப் போட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஓட்டர் லிஸ்டில் இருக்கிற மாதிரி போட்டேன்.

வீடு வீடாகப் போய் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். இன்றைக்குள்ள பிள்ளைகள் போனில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், ஒன்றும் குறையவில்லை. ஆனால் நாங்கள் அப்படி வளரவில்லை. கோயிலில் அர்ச்சனைக்குக்கூடப் பக்கத்தில் நிற்கிறவள்தான் பேரைச் சொல்லுவாள். ஒரு அக்காளிடம், பேர் என்ன என்றால் தன் பேரைச் சொன்னாள். வீட்டுக்காரர் பேர் என்றால் வெட்கப்பட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “மூத்தவன் அப்பான்னு எழுதுத்தா” என்றாள். இப்படியே நாற்பது வீட்டுக்கு மூத்தவன் அப்பா என்று எழுதினால் சர்க்கார் ஒப்புக்கொள்ளுமா. கடைசியில் ஒரு வழி செய்தோம். இரண்டு இரண்டு பேராகக் கூப்பிட்டோம். இவள் வீட்டுக்காரர் பேரை அவள் சொன்னாள், அவள் வீட்டுக்காரர் பேரை இவள் சொன்னாள். சிரிப்பும் கும்மாளமுமாகக் கட்டங்கள் நிறைந்தன. என் வரி வந்தபோது நான் பேனாவைத் தலைவி அம்மாவிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். அவர் எழுதினார். அந்த ஒரு வரி மட்டும் கோழி கிண்டிய எழுத்தில் இருக்கும்.

மனு போனது. மெம்பர் வாங்கி வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நடவு போய் அறுப்பு வந்தது, ஒன்றுமில்லை. தலைவி அம்மா ஞாபகப்படுத்திக் கார்டு எழுதினார். சென்னையிலிருந்து வந்த பதிலில், மனு திருச்சிக்கு அனுப்பப்பட்டது என்றிருந்தது. திருச்சியில் கேட்டால் திருமயத்துக்கு அனுப்பப்பட்டது என்று வந்தது. திருமயத்தில் கேட்டால், சென்னையிலிருந்து உத்தரவு வரவில்லை என்றார்கள். நாங்கள் கொடுத்த காகிதம் எங்களைவிட அதிக ஊர் பார்த்தது. இதற்கிடையில் என் வீட்டுக்காரர் காலையில் பல் விளக்கியதும் ஒரு பாட்டில் என்கிற இடத்துக்கு வந்துவிட்டார். கரி சுற்றிய காலத்து நடுக்கம் திரும்பவும் கைக்கு வந்தது. அதே கையில்தான் ஸ்டீரிங். ஒவ்வொரு நாளும் இரண்டு குட்டை, ஒரு நீட்டம் கேட்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. அவர் பஸ்ஸை எங்கேயாவது கவிழ்ப்பதற்குள் அந்த மருந்துக் கடையில் டிஞ்சர் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கடைசியாக ஒருநாள் விசாரணைக்கு ஆபீசர் வருகிறார் என்று சேதி வந்தது. பள்ளிக்கூடத்தில் வைத்துக் கேட்பாராம், மனுவில் கைநாட்டு வைத்தவர்கள் எல்லோரும் வரவேண்டும். அன்றைக்கு எங்களுக்குத் திருவிழா மாதிரி. மஞ்சள் பூசிக் குளித்து, இருக்கிறதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனோம். மூன்றாம் வகுப்பு அறையில் தரையில் உட்கார்ந்தோம். ஆபீசர் மேஜைக்குப் பின்னால். பக்கத்தில் ஒரு குமாஸ்தா. ஜன்னலோரம் பெஞ்சில் மதுவிலக்குக் கமிட்டிக்காரர்கள், அவர்களில் மருந்துக் கடைக்காரரும் ஒருவர். அவருக்குப் பக்கத்தில் பஸ் முதலாளியின் கணக்குப்பிள்ளை, அவர் எதற்கு வந்தார் என்று தெரியவில்லை, வேடிக்கை பார்க்கவாக இருக்கும்.

ஆபீசர் கெட்டவர் இல்லை. சின்ன வயசு, மரியாதையாகத்தான் பேசினார். மனுவை முழுசாகப் படித்திருந்தார், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். பிறகு சொன்னார்: இந்த மருந்தைக் குடித்து ஊர் கெடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். யார் குடிக்கிறார்கள் என்று எழுதவில்லை. மேலே நான் ரிப்போர்ட் எழுத வேண்டுமானால் இன்னார், இந்த ஊர், இத்தனை நாளாகக் குடிக்கிறார் என்று நாலு பேராவது வேண்டும். இல்லாவிட்டால் ஆபீசில் மதிக்கமாட்டார்கள். “யாராவது ஒருத்தர் ஆரம்பிங்கம்மா. ஒங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க.”

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அவர் வெளியூர்க்காரரா, டவுனில் வளர்ந்தவரா தெரியவில்லை, அவருக்கு அது விளங்கவில்லை. கமிட்டிக்காரர்களுக்கு விளங்கியது, ஆனால் அவர்கள் சொல்லவில்லை. தலைவி அம்மா எழுந்து, பெண்கள் பேர் சொல்லமாட்டார்கள், பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள் என்றார். சரி என்று அவர் முன்வரிசையில் இருந்தவளைப் பார்த்து, அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளைக் காட்டி, இந்த அம்மா வீட்டுக்காரர் பேர் என்ன என்றார். சொன்னாள். அவர் டிஞ்சர் குடிக்கிறாரா என்றார். அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனுவில் பேர் சொல்வது வேறு. இன்னொருத்தி புருஷனை ஆபீசர் முன்னால், கமிட்டிக்காரர் முன்னால் குடிகாரன் என்று சொல்வது வேறு. சொல்லிவிட்டு அதே தெருவில் எப்படி இருப்பது, அதே கிணற்றில் எப்படித் தண்ணி இறைப்பது. சம்பந்தம் செய்தவர்கள், கொழுந்தன் முறை, மாமன் முறை. “எனக்கென்னங்க தெரியும், அவுக வீட்டுச் சங்கதி” என்றாள். அதோடு தீர்ந்தது. தன் புருஷனைக் குடிகாரன் என்று சொல்லத் தயாராக இருந்தவளால் பேரைச் சொல்ல முடியவில்லை. பேரைச் சொல்ல முடிந்தவளால் குடிகாரன் என்று சொல்ல முடியவில்லை. நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம், மின்விசிறி இல்லாத அறை, எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது.

தலைவி அம்மா கடைசியில், “எழுதின பொண்ணு இருக்கா, அவ வாயால சொல்ல வேணாம், எழுதிக் குடுப்பா” என்று என்னைக் கைகாட்டினார். ஆபீசர் ஒரு வெள்ளைக் காகிதத்தையும் தன் பேனாவையும் நீட்டினார். நல்ல பேனா, கனமாக இருந்தது. மேஜையருகே போய் நின்றேன். அத்தனை பேர் கண்ணும் முதுகில் குத்தியது. எழுதினால் ஆயுசு குறையுமா, சொன்னால்தானே குறையும் என்று ஒரு பக்கம். கணக்குப்பிள்ளை பெஞ்சில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது ஒரு பக்கம். டிரைவர் குடிக்கிறார் என்று சர்க்கார் காகிதத்தில் ஏறினால் நாளைக்கே பேட்ஜைப் பிடுங்கிவிடுவார்கள். பேர் கொடுத்தால் அவருக்கு ஏதும் ஆகுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது என்றேனே, அதுதான்.

அப்போது ரோட்டில் பஸ் வந்தது. இரண்டு குட்டை, ஒரு நீட்டம்.

பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆபீசர் வெள்ளைக் காகிதத்தைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு குமாஸ்தாவிடம் மெதுவாக ஏதோ சொன்னார். குமாஸ்தா எழுதியதை வாய்விட்டு வாசித்துக் காட்டினார், அதுதான் முறையாம். விசாரித்ததில் குறிப்பிட்ட நபர் எவர் மீதும் புகார் இல்லை. கேட்டுச் சரி என்று எங்களைக் கைநாட்டு வைக்கச் சொன்னார். வைத்தோம். நான் கையெழுத்தே போட்டேன், குண்டு குண்டாக. மருந்துக் கடைக்காரர் எல்லோருக்கும் கலர் சோடா வரவழைத்துக் கொடுத்தார். அதையும் குடித்தோம்.

திரும்பும்போது தலைவி அம்மா முன்னால் நடந்தார். எங்கள் தெரு முக்கில் நின்றார். “நான் பேர் சொல்லுவேண்டி. நூறு தடவை சொல்லுவேன். அவரு செத்துப் பதினோரு வருசமாச்சு, ஒரு சொட்டுக் குடிச்சதில்லை. எம் பேச்சு அவுகளுக்கு எதுக்கு ஆகும்?” என்றார். அழுதார் என்று நினைக்கிறேன். நான் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரருக்குக் கணக்குப்பிள்ளை சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் எனக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்தார். கல்யாணமான புதிதில் வாங்கியது, அதற்கப்புறம் அன்றைக்குத்தான். “பேனாவைக் கையில குடுத்தும் எம் பேரை எழுதலியாமே. பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்” என்று அவர் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். சட்டைப் பையில் பாட்டில் இரண்டு ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பூவைத் தலையில் வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது.

அதற்குப் பிறகு சங்கம் சும்மா இருக்கவில்லை. இன்னொரு மனு, இன்னொரு மெம்பர், இன்னொரு ஆரத்தித் தட்டு. நான்தான் எழுதினேன். கணவர் பெயர் கட்டத்தை விட்டுவிட்டேன். அது இல்லாததால் மனு செல்லாது என்று ஒருதரம் திரும்பி வந்தது. அதையெல்லாம் எழுதினால் நீளும், எனக்கும் கை வலிக்கிறது.

பஸ் ஒருநாள் கண்மாய்க் கரையில் இறங்கிவிட்டது. சாகவில்லை யாரும். கட்டுமாவடியிலிருந்து வந்த மீன்கூடைக்காரி ஒருத்திக்குக் கை ஒடிந்தது. போலீஸ் வந்து முகர்ந்து பார்த்தார்கள், இஞ்சி வாசம். பையில் பாட்டில் இருந்தது, லேபிள் இருந்தது. மருந்து சாப்பிட்டவர் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். சட்டம் அவரை விட்டுவிட்டது. முதலாளி விடவில்லை. நான் எந்த பேட்ஜுக்காகப் பேனாவைக் கீழே வைத்தேனோ அந்த பேட்ஜ் போய்விட்டது. வேலையும் இல்லாமல், பொழுதெல்லாம் பஸ் ஸ்டாப்பிலேயே இருந்தார். கடை எதிரே. ஒன்றரை வருஷம். கடைசியில் காமாலை வந்து வயிறு ஊதி, அந்த வயிற்று வலிக்கும் அதையே குடித்தார்.

செத்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மணியக்காரர் மரணக் கணக்கில் ஏற்றுவதற்காக நோட்டோடு வந்தார். முற்றத்தில் பெண்கள் நிறைய இருந்தார்கள். கை ஒடிந்த மீன்காரியும் வந்திருந்தாள், கட்டுப் பிரித்த கை வளைந்தே இருந்தது. மணியக்காரர் இறந்தவர் பெயர் என்றார். வழக்கம்போல நான் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தேன். அவள் என் முழங்காலைத் தொட்டு, “இனிமே நீயே சொல்லலாம்த்தா” என்றாள்.

சொன்னேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் முதல் தடவை. எனக்கே யார் பேரோ மாதிரி கேட்டது. மணியக்காரருக்குக் காது மந்தம். “சத்தமா சொல்லும்மா” என்றார். இரண்டாம் தடவையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். என்ன நோய் என்றார். டிஞ்சர் என்றேன். அப்படி ஒரு நோய் இல்லை என்று காமாலை என்று போட்டுக்கொண்டார்.

டாக்டர் சீட்டு இல்லாமல் இஞ்சி டிஞ்சர் விற்கக்கூடாது என்று ரூல் வந்தது. எங்கள் மனுவால் வந்ததா, வேறு ஊரில் யாராவது பேர் சொன்னதால் வந்ததா, எனக்குத் தெரியாது. மருந்துக் கடைக்காரர் சொன்ன சொல் மாறாமல், இருந்த பாட்டில்களை எடுத்து எல்லோரும் பார்க்கக் குப்பையில் உடைத்தார். தலைவி அம்மா என்னை அழைத்துப்போய்க் காட்டினார். உடைந்த கண்ணாடி பொறுக்குகிறவர்கள்கூட வந்துவிட்டார்கள். அடுத்த மாதமே அதே அலமாரியில் ஏதோ அரிஷ்டம் வந்து உட்கார்ந்தது. அதற்கும் லேபிள் இருந்தது. அதற்கும் ஒரு மனு எழுத வேண்டும் என்று தலைவி அம்மா சொன்னார், எழுதினேன்.

மலர் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருஷங்களை நான் நம்பி எழுதவில்லை. டிஞ்சர் ரூல் வந்தது அவர் போவதற்கு முன்னாலா பின்னாலா என்று யாராவது சரியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். பின்னால் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறேன். முன்னால் என்றால், சட்டம் வந்தும் குடித்தார் என்றாகிவிடும், அப்போது பள்ளிக்கூடத்தில் நான் அவர் பேரை எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் ஒன்றுதான். இதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பழைய கோப்புகள் திருமயத்திலோ திருச்சியிலோ இருந்தால், விசாரணைக் காகிதத்தில் என் கையெழுத்து இருக்கும். முதல் மனுவில் ஒரு வரி மட்டும் எழுத்து மாறியிருக்கும். அதில் இருக்கிற பேரையும் மரணக் கணக்கில் இருக்கிற பேரையும் ஒத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், என் வீட்டுக்காரர் என்று மட்டும் எழுதி நான் இங்கே பேரை விட்டுவைத்த இடத்தில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.